சாம்பல் கரையடியில் சாப்பிட்டவர்

ஒருவர் மெதுவாகச் சாப்பிட்டதால்தான் என் வீடு இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் பேச்சை நம்பாமல் இருப்பதே நல்லது என்று எனக்கும் தோன்றும். என் பேச்சை நம்பிக் கெட்டவர்களில் முதல் ஆள் நான்தான்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை உரசிக்கொண்டு, பனைமரமும் காற்றும் மட்டும் தாராளமாகக் கிடைக்கிற எங்கள் பக்கத்தில் ஒரு மின்சாரக் கம்பெனி இருக்கிறது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பார்கள். மிஞ்சுகிற சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக ஒரு பெரிய குளத்தில் கொண்டுபோய் விடுவார்கள். சாம்பல் அடியில் படியும், தண்ணீர் மேலே நிற்கும். மற்ற குளங்கள் பள்ளத்தில் இருக்கும். இந்தக் குளம் பனை உயரத்துக்கு மேட்டில் இருக்கும். நாலு பக்கமும் மண்கரை. அந்தக் கரைதான் அணை. அது விட்டுக்கொடுத்தால் மொத்தச் சாம்பலும் கூழாக இறங்கி வரும்.

அந்தக் கம்பெனியில் நான் மக்கள் தொடர்பு அதிகாரி. 'கரை பலமானது, அச்சம் வேண்டாம்' என்று தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் எழுதி ஊர் ஊராகக் கொடுப்பது என் வேலை. நன்றாகவே எழுதுவேன். படித்தவர்கள் யாரும் நம்பவில்லை, எழுதிய நான் நம்பிவிட்டேன். கரைக்கு நேர் கீழே மலிவாக இடம் வருகிறதே என்று வாங்கி, வீடு கட்டி, பெண்டாட்டியோடு குடியேறினேன். இடத்தை விற்றவர் பத்திரம் முடிந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பாசம் என்று நினைத்தேன்.

அந்தக் கரையைச் சோதிக்க அரசாங்கம் அனுப்பிவைத்த இன்ஜினியர் அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எல்லோரும் அவரை மேடம் என்போம். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், 'இதிலே இருக்கறதெல்லாம் நிஜமா?' என்று கேட்டுக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றுவிடுவார்.

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். கைத்தறிப் புடவை, அதற்குக் கீழே கான்வாஸ் ஷூ, கையில் நீளமான குடை. குடை வெயிலுக்கு இல்லை. எங்கள் பக்கத்துக் காற்றில் மார்கழியில் குடையை விரித்தால் அது பாலக்காடு போய்ச் சேரும், ஆனியில் விரித்தால் கோயமுத்தூர் போய்ச் சேரும். மேடம் அதைக் கரையில் குத்திப் பார்க்க வைத்திருந்தார். நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று நின்று ஒரு குத்துக் குத்துவார். குடைமுனை உள்ளே போகிற ஆழத்தைப் பார்த்து 'ம்' என்பார். அந்த 'ம்'முக்கு எங்கள் மேனேஜர் வேர்ப்பார்.

மேனேஜர் சென்னையிலிருந்து வந்தவர். முதல் தடவை மேடம் வந்தபோது, டவுனில் ஏசி ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்கும்படி எனக்கு உத்தரவு. சொல்லி வைத்திருந்தேன். கரையைச் சுற்றி முடித்ததும் மேடம் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கோ, கரை எப்படி?"

"நூத்துக்கு நூறு சேஃப் மேடம். பாறை மாதிரி."

"சந்தோஷம். அப்போ சாப்பாட்டைக் கீழேயே வச்சுக்கலாம், வாங்கோ."

"கீழன்னா... ஆபீஸ்லயா மேடம்?"

"கரைக்குக் கீழே. அந்தக் கசிவு வாய்க்கால் பக்கத்திலே. நன்னா நிழல் இருக்கே."

மேனேஜர் கரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை மேடம். நான் விரதம்."

அன்று காலையில் அவர் முட்டை பப்ஸ் சாப்பிட்டது முருகனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

"விரதம் சாப்பிடறதுக்குத்தானே? ஒக்காரறதுக்கு இல்லையே, வாங்கோ" என்று மேடம் படியிறங்கிவிட்டார்.

கரையடியில் ஒரு மடக்கு முக்காலியைப் போட்டு, கரையைப் பார்த்தபடி உட்கார்ந்து, தூக்கைத் திறந்தார். மொளகூட்டல், மோர்சாதம், நாரத்தங்காய். அவர் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு உருண்டையை வாயில் போடுவார். போட்ட பிறகு அப்படி ஒன்று போட்டதையே மறந்துவிட்டவர் மாதிரி கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாய் மட்டும் தனக்கு யாரும் கெடு வைக்கவில்லை என்பதுபோல நிதானமாக அசையும். நான் என் பொட்டலத்தை முடித்து, விரல்களைச் சப்பி, கை கழுவி, மறுபடி பசிக்க ஆரம்பிக்கும்போது அவர் மொளகூட்டலிலிருந்து மோருக்கு வந்துகொண்டிருப்பார். மேனேஜருக்குப் போன் மேல் போனாக வந்தது. எல்லாமே அவர் பாக்கெட்டுக்குள் கைவிட்டு வரவழைத்தவை. கடைசியில் அவசர மீட்டிங் என்று எழுந்து போய்விட்டார்.

அவர் போனதும் மேடம் என்னிடம் ரகசியத்தை உடைத்தார்.

"நான் வாயைக் கேக்கறதே இல்லை, கேட்டேளா. காலைப் பாப்பேன். சம்மணம் போட்டு ஒக்காந்தா அவனுக்குக் கரைமேலே நம்பிக்கை இருக்கு. குத்தவச்சு ஒக்காந்தா ஏதோ தெரிஞ்சு வச்சிண்டிருக்கான். உங்க மேனேஜர் குத்தவச்சார்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் நல்லாச் சம்மணம் போட்டுத்தானுங்க மேடம் உக்காந்திருக்கேன்."

"பாத்தேன். ஆனா உங்க சம்மணத்தை நான் கணக்கிலே எடுக்கலை. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த நேரம் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி சத்தம் போட்டாள். "ஏனுங்க! உங்க கம்பெனிச் சாம்பலு துணி பூராம் அப்பிக் கெடக்குது. வெள்ளை வேட்டி எருமைக் கலராயிருச்சு. இதையே கட்டீட்டுப் போயி நோட்டீசு குடுங்க!"

மேடத்தின் வாய் அசைவது நின்றது. "அது யாராத்து மாமி?"

"எங்க ஊடுதானுங்க."

"இங்கே வீடு கட்டலாம்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"நோட்டீசுல போட்டிருந்துச்சுங்க."

"நோட்டீசை யார் எழுதினா?"

"நான்தானுங்க."

மேடம் சிரித்தார். முக்காலி ஆடுகிற மாதிரி, கண்ணில் நீர் வர, தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் சட்டென்று மாறிவிட்டது. என் வீட்டையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு முறையும், கரைக்குப் போவதற்கு முன் என் வீட்டு வாசலில் நின்று, "மாமி, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

மாமிக்கும் மேடத்துக்கும் ஒத்துப்போய்விட்டது. மேடம் கரையடியில் இலை போட்டால் என் மனைவி கொள்ளுரசத்தோடு வேலியைத் தாண்டி வந்துவிடுவாள். இருவரும் என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசுவார்கள்.

"ஏனுங்க மேடம், இந்தக் கரை நிக்குமுங்களா?"

"இன்னிக்கு நிக்கறது. நாளைக்கு நிக்குமான்னு நாளைக்கு வந்து பாத்துதான் சொல்லணும்."

"எங்க ஊட்டுக்காரரு எப்பவுமே நிக்குமுன்னு எழுதியிருக்காருங்களே."

"அவர் கவிஞராச்சே" என்பார் மேடம், மோரைக் கலக்கியபடி.

வாய்க்காலைக் காட்டி அவர் ஒருமுறை சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. "ஜலம் கசியறது தப்பில்லை. எந்தக் கரையும் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும். தெளிஞ்சு வந்தா வேர்வை. கலங்கி வந்தா, கரையோட வயத்துக்குள்ளே இருக்கறது வெளியே வரதுன்னு அர்த்தம். அப்போ ஓடிடணும்." ஆகவே அவர் சாப்பிடும் நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது கரையை மட்டுமல்ல, வாய்க்காலையும்தான். அவசரமாகச் சாப்பிட்டால் தண்ணீரின் நிறம் தெரியாதாம்.

தேவிகுளத்துக்கு மேலே ஏதோ ஒரு சின்ன அணைக்குப் போன கதையையும் சொன்னார். அங்கே அட்டை அதிகம். அணையடியில் இலை போட்டதும் அங்கிருந்த இன்ஜினியர், "அட்டை கடிக்கும் மேடம்" என்று நின்றுகொண்டே சாப்பிட்டாராம். "அப்போ நானும் நின்னுண்டே சாப்பிட்டேன். என் கால்லே அட்டை ஏறிண்டே இருக்கு. அவர் கண்ணு மட்டும் அணையோட மதகுமேலேயே இருக்கு. கால்லே அட்டை கடிக்கறபோது மனுஷன் காலைத்தானே பாக்கணும்? போய்ப் பாத்தேன், மதகுக் கதவு துருப்பிடிச்சு இறுகிப்போயிருந்தது."

இந்த நிலையில்தான் எங்கள் சாம்பல் குளம் நிறைந்துகொண்டு வந்தது. கரையை இன்னும் உயர்த்தினால்தான் மேற்கொண்டு சாம்பல் விட முடியும். உயர்த்த மேடம் சரி சொல்ல வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், அந்தம்மாவுக்குக் கீழ உக்காந்து சாப்பிடறதுதானே புடிக்குது? கீழயே ராஜ மரியாதையா சாப்பிட வைப்போம். ஒரு மண்டபம் கட்டுய்யா."

கட்டினார்கள். மேடம் வழக்கமாக முக்காலி போடுகிற அதே இடத்தில், வாய்க்காலின் மேலேயே, சிமெண்டுத் தரை போட்டு, நாலு தூண் நிறுத்தி, தகரக்கூரை வேய்ந்தார்கள். குழி தோண்டும்போதே ஊறிக்கொண்டு வந்தது. "தண்ணி வருதுங்களே" என்றார் கொத்தனார். "நல்லதாப் போச்சு, சிமெண்டுக்குத் தனியாத் தண்ணி ஊத்த வேண்டாம்" என்றார் மேனேஜர். அந்த நகைச்சுவைக்கு அங்கே உரக்கச் சிரித்த ஆள் நான். கட்டடக்கலைக்கு என் பங்களிப்பு, ரோஜாப்பூப் போட்ட டைல்ஸைத் தேர்ந்தெடுத்ததும் 'உணவருந்தும் கூடம்' என்று பலகை எழுதியதும்.

என் மனைவி வந்து பார்த்தாள். "சமையக்கட்டுக்குப் பூப்போட்ட டைல்ஸு கேட்டு எத்தனை வருசமாச்சு? அந்தம்மா ஒருவேளைச் சோறு திங்கறதுக்கு இத்தனை டைல்ஸுங்களா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் போனாள்.

வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை பிடித்து, கொஞ்சம் வெறித்த ஒரு நாளில் மேடம் வந்தார். மண்டபத்தைச் சுற்றிவந்து பலகையைப் படித்தார்.

"இது யாரோட புத்தி?"

மேனேஜர் தன் நெஞ்சைத் தொட்டார். மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கையை அப்படியே என் பக்கம் நீட்டிவிட்டார்.

"வாய்க்கால் எங்கே?"

"அடியில பத்திரமா இருக்கு மேடம்."

"ம்" என்றார். மேசை நாற்காலியைத் தொடவில்லை. தரையிலேயே இலை போடச் சொன்னார். எல்லோரும் உட்கார்ந்தோம். மேனேஜர் அன்று சம்மணம் போட்டார்! மேடத்தின் கால் சாஸ்திரத்தை நான்தான் ஒரு டீக்கு அவரிடம் விற்றிருந்தேன். வீட்டில் யோகா செய்து பழகிவிட்டு வந்திருந்தார். மேடம் அந்தச் சம்மணத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாதத்தைப் பிசைந்தார்.

வழக்கம்போல நாங்கள் பாயசம் வரை போய்த் திரும்பினோம். மேடம் இன்னும் சாம்பாரில் இருந்தார். எனக்கு உட்கார்ந்த இடத்தில் ஏதோ குளிர்ந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று வெட்கப்பட்டுக் கைக்குட்டையால் துடைத்தேன். மறுபடி குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் டைல்ஸுக்கு நடுவே இருந்த கோடெல்லாம் நனைந்து பளபளத்தது.

மேனேஜரும் பார்த்துவிட்டார். "ரசம் சிந்திருச்சு போல மேடம். யோவ், துடைய்யா."

"நான் இன்னும் ரசத்துக்கே வரலையே" என்றார் மேடம்.

கோட்டில் ஊறி நின்ற நீரை விரலால் தொட்டார். பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். இலையின் ஓரத்தில், உப்புக்குப் பக்கத்தில் இழுவினார். சாம்பல் நிறத்தில் நறநறவென்று ஒரு தீற்றல். அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இலைக்கு முன்னால் இருந்த ரோஜாப்பூ ஒன்று 'டக்' என்று ஒரு பக்கம் எழும்பியது. அடியிலிருந்து சாம்பல் தண்ணீர் குமிழியிட்டது.

மேடம் எழுந்துவிட்டார்.

வாயில் போட்ட உருண்டையை மென்று முடிக்காமல், ஒரு கன்னம் புடைத்திருக்க, எச்சில் கையோடு எழுந்து நின்றார். ஒரு நாரத்தங்காய்க்கே ஒரு மத்தியானத்தைச் செலவழிக்கிறவர். எனக்குப் பயம் வந்தது அங்கேதான். கரையைப் பார்த்தல்ல, பாதியில் நின்ற அந்தச் சாப்பாட்டைப் பார்த்து.

"பம்பை நிறுத்துங்கோ. சாம்பல் ஒரு சொட்டு உள்ளே போகப்படாது. மேலே நிக்கற ஜலத்தைத் திறந்து விடுங்கோ, மெதுவா. கீழே ஒரு பிராணி இருக்கப்படாது. இந்தத் தரையை உடையுங்கோ."

சம்மணம் மரத்துப்போய் எழ முடியாமல் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டிருந்த மேனேஜர், "பம்பை நிறுத்தினா பிளாண்டையே நிறுத்தணும் மேடம். மேல கேக்கணும்" என்றார்.

"கேளுங்கோ. நிதானமாக் கேளுங்கோ. பதில் வர்ற வரைக்கும் நான் இங்கேயே நிக்கறேன். நீங்களும் எங்கூட நில்லுங்கோ."

மேனேஜர் மேலே யாரையும் கேட்கவில்லை. அங்கேயே போனை எடுத்து நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஓடினேன். வீட்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் கையில் அப்பளம் இருப்பது தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே எல்லாவற்றையும் கேட்டுவிட்ட மனைவி ஆட்டை அவிழ்த்துவிட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"ஏனுங்க, கரை ஒடையப் போகுதுன்னா டிவி எதுக்குங்க? நியூசுல நம்ம சாவைப் பாக்கறதுக்குங்களா? கெழவியத் தூக்குங்க!"

பக்கத்து வீட்டில் நடக்க முடியாத பாட்டி ஒருவர் இருந்தார். டிவியை வைத்துவிட்டு அவரைத் தூக்கினேன். டிவியைவிட லேசாக இருந்தார். மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு எல்லோரும் ஏறினோம். எங்களுக்குப் பின்னால் மேடம் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தள்ளி, "யாராவது இருக்கேளா?" என்று கேட்டுக்கொண்டு வந்ததை மேலிருந்து பார்த்தேன். கையில் குடை. சாம்பார்க்கை காய்ந்திருந்தது.

தரையை உடைத்ததும் அடைபட்டிருந்த தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்ததாம். அதன்மேல் மணலும், மணலுக்கு மேல் ஜல்லியும், ஜல்லிக்கு மேல் கல்லுமாகப் போட்டார்கள். தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது, அதுதான் கணக்கு. குளத்து நீர் இறங்க இறங்கக் கசிவு தெளிந்தது. கரை நின்றது.

ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் பிரச்சினை. அணை உடைந்தால் மந்திரி வருவார், டிவிக்காரர்கள் வருவார்கள். உடையாத அணையைப் பார்க்க யார் வருவார்கள்? மேனேஜர் எல்லோரிடமும், "ஒண்ணும் ஆகலை பாரு. அந்தம்மா தேவையில்லாம ஊரைக் கூட்டிட்டாங்க" என்று சொல்லித் திரிந்தார். அது மேடத்தின் காதுக்கும் போனது. "ஒண்ணும் ஆகலைங்கறதுக்குத்தான் நேக்குச் சம்பளம்" என்றார். கரையை உயர்த்த முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மழை ஓய்ந்து மறுபடி வந்தார். மண்டபம் இருந்த இடத்தில் இப்போது கல் பரப்பியிருந்தது. நடுவே வாய்க்கால் தெளிவாக ஓடியது. முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வேலிப் பக்கம் திரும்பி, "மாமி, அன்னிக்குப் பாதியிலே எழுந்துட்டேன். ரசம் பாக்கி" என்றார்.

என் மனைவி கொள்ளுரசம் கொண்டுவந்தாள். எனக்கும் ஒரு இலை போட்டாள். நான் உட்கார்ந்தேன். சாப்பாட்டில் கவனமாக இருந்த எனக்கு, மேடம் வெகுநேரமாக என் காலையே பார்த்துக்கொண்டிருப்பது பிறகுதான் தெரிந்தது. நான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன்.

"பரவாயில்லையே. உங்களுக்கும் ஏதோ தெரிய ஆரம்பிச்சிருக்கு. இனிமே உங்க காலையும் கணக்கிலே எடுத்துக்கலாம்" என்றார். என் வாழ்க்கையில் படித்தவர் ஒருவர் எனக்குக் கொடுத்த ஒரே நற்சான்று அது.

மேடம் ஓய்வுபெற்று மகளோடு எங்கேயோ தூரத்தில் இருக்கிறார் என்று கேள்வி. நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். விற்கலாம் என்றால், என் நோட்டீசை நம்ப இன்னொரு ஆள் கிடைக்க வேண்டும். இப்போது சோதனைக்கு வருகிறவர்கள் கரைக்கு மேலே நின்று, ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது பறக்கிறது. சாப்பிடுவதில்லை.

பழைய மேனேஜர் மாற்றலாகிப் போய், போன வாரம் புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். கரையடியைப் பார்க்க வந்த இடத்தில், கரையை உயர்த்துகிற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது என்று என்னிடம் சொன்னார். "எப்படிங்க, தாங்குமுங்களா?" என்று கேட்டேன்.

"நூத்துக்கு நூறு" என்றார்.

என் மனைவி வேலிக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அப்புடீங்களா சார்? ரொம்பச் சந்தோசமுங்க. சித்தெ இருங்க, ஒருவாய் சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்" என்று கொள்ளுரசத்தோடு வந்து, வாய்க்கால் பக்கத்தில் இலையைப் போட்டாள். அவர் கூச்சத்தோடு கரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, இலைக்கு முன்னால் உட்காரப் போனார்.

நானும் அவளும் ஒரே நேரத்தில் குனிந்து அவர் காலைப் பார்த்தோம்.